கண்ணுக்கு நாம் பட்ட கடன்

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் முன்கூடத்தில் அமர்ந்திருந்தேன். ஏரல் கடைவீதியில் பாத்திரக் கடையொன்றில் கணக்குப் பார்க்கும் வாலிபர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மாதமாகத் தலைவலி. கண் எரிகிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. தொழுகையில் நின்றால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. கண்ணேறு பட்டிருக்கும் என்று உம்மா சொல்கிறார்கள். ஓதி ஊதிவிடுங்கள்" என்றார்.

ஓதி ஊதினேன். பின்னர் அவரை அமரச் செய்து, அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்று கேட்டேன். கண் விழித்ததும் கைபேசி. கடைக்குச் சென்றதும் கணிப்பொறி. இடையிடையே வாட்ஸ்அப்பில் வரும் சரக்குப் பட்டியல். பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க மீண்டும் கைபேசி. பகல் உணவின்போது வலக்கையில் சோறு, இடக்கையில் கைபேசி.

"களைத்துப் போனால் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"களைப்புத் தீரக் கொஞ்ச நேரம் கிரிக்கெட் பார்ப்பேன், ஹஜ்ரத்."

"எதில்?"

சற்றே வெட்கத்துடன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "இரவில் வேறொன்றும் பார்ப்பதில்லை. படுத்துக்கொண்டு பயான் மட்டுந்தான் பார்ப்பேன்" என்றும் சொன்னார். எத்தனை மணி வரை என்று கேட்டதற்கு, "ஒரு மணி ஆகிவிடும்" என்றார்.

கண்ணேறு என்பது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நபிமொழிகளில் அதற்கு ஆதாரம் உண்டு. எனினும் அந்த வாலிபரிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, பிறர் கண் உங்கள்மீது பட்டதா என்பதை அல்லாஹ்வே அறிவான். உங்கள் கண் படும் பாட்டை நான் இப்போது அறிந்துகொண்டேன்."

அன்பார்ந்த வாசகர்களே! இது ஒரு வாலிபரின் கதை மட்டுமன்று. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் நாள்தோறும் நடப்பதே இது. ஆகவே, கண்ணுக்கும் மனத்துக்கும் ஓய்வளிப்பது குறித்து மார்க்கம் என்ன கூறுகின்றது என்பதை இந்த வெள்ளியன்று நாம் சற்றே சிந்திப்போம்.

பழிப்பதற்கன்று

கைபேசியைப் பழிப்பது என் நோக்கமன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை நாம் மறந்துவிடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் பாலம் சேதமடைந்து போக்குவரத்து அறுந்தது. மின்சாரம் நின்றது; கைபேசிகள் ஊமையாயின. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றிருந்த வாப்பாமார்கள், தங்கள் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கின்றார்கள் என்று அறிய வழியின்றித் துடித்தார்கள். இணைப்பு மீண்டு, பிள்ளையின் முகத்தை அந்தச் சிறு திரையில் கண்டவர் அதனைக் கையேந்தி நன்றி சொல்ல வேண்டிய நிஃமத் என்றுதான் கூறுவார்.

நிஃமத்துதான். ஆயினும் உணவும் நிஃமத்துதான். வயிறு கொள்ளும் அளவுக்கு மேல் உண்டால் அதுவே நோயாகின்றது. கண்ணுக்கும் கொள்ளளவு உண்டு. திருக்குர்ஆனின் அல்முல்க் அத்தியாயத்தின் தொடக்கத்தில், வானங்களின் படைப்பில் ஏதேனும் குறை தென்படுகின்றதா என்று மீண்டும் மீண்டும் நோக்குமாறு அல்லாஹ் அறைகூவல் விடுக்கின்றான். அவ்வாறு நோக்கும் பார்வை குறை எதனையும் காணாமல், களைத்துச் சோர்ந்து திரும்பிவிடும் என்றும் அங்கேயே கூறுகின்றான். படைத்தவனின் வல்லமையை உணர்த்தும் வசனம் அது. அதனுள்ளே நமக்கு மற்றொரு பாடமும் இருக்கின்றது. பார்வை களைக்கக்கூடியது. அதனைப் படைத்தவனே அவ்வாறு சொல்லியிருக்கும்போது, களைப்பே அறியாத கருவியாகக் கண்ணை நடத்த நமக்கு உரிமை ஏது?

ஒரு நபித்தோழரின் வரலாறு

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இளமையிலேயே வணக்கத்தில் பேரார்வம் கொண்டவர்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. இச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியது. அவரை அழைத்து உண்மையா என வினவினார்கள். ஆம் என்றார். அவ்வாறு செய்ய வேண்டாம் என்று பெருமானார் தடுத்தார்கள். சில நாள் நோன்பு வைத்துச் சில நாள் விட்டுவிடுமாறும், இரவில் சிறிது தொழுது சிறிது உறங்குமாறும் பணித்தார்கள். உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும், வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் நம்மீது உரிமை இருக்கின்றது என்று எடுத்துரைத்தார்கள். இடைவிடாமல் இவ்வாறே செய்துவந்தால் கண் குழிந்து பலவீனமடையும், மனம் சோர்ந்துவிடும் என்றும் எச்சரித்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள வரலாறு இது.

கண்ணுக்கு உரிமை உண்டு என்ற இந்த நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆனால் அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகின்றோம். வீண் விளையாட்டில் இரவைக் கழித்த ஒருவரிடம் சொல்லப்பட்டதன்று அது. வணக்கத்தில் இரவைக் கழித்தவரிடம் சொல்லப்பட்டது. இதுவே இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. திரையில் நாம் பார்ப்பது நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதற்கு நாம் தனியே பதில் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குரிய கடனைச் செலுத்தினோமா என்பது வேறொரு கேள்வி. பார்த்தது பயானாக இருப்பதால் இந்த இரண்டாம் கேள்வி தள்ளுபடியாவதில்லை. திரையில் ஓடுவது சினிமாவா மார்க்க உரையா என்று கண்ணின் தசைக்குத் தெரியாது. நள்ளிரவு ஒரு மணிக்கு எதனைப் பார்த்தாலும் அது களைக்கத்தான் செய்யும்.

"கெட்டதைப் பார்க்கவில்லையே" என்று அந்த வாலிபர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மில் பலரும் அதே சமாதானத்தில்தான் உறங்காமல் கிடக்கின்றோம்.

குளியாளியின் கயிறு

நம் ஊரைத் தொட்டுச் செல்லும் தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கின்றது. அந்தக் கரைக்கே முத்துக்குளித்துறை என்று பெயர். நமக்கு அருகிலுள்ள கொற்கை, கடல் விலகிச் செல்வதற்கு முன் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய ஊர். பரதவரும் முஸ்லிம்களும் இக்கடலில் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தார்கள். 1961ஆம் ஆண்டு வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது.

அத்தொழிலில் இருந்த ஒழுங்கை எண்ணிப் பாருங்கள். பழைய வழக்கப்படி ஒரு படகில் பத்துக் குளியாளிகள் இருந்தால் கற்கள் ஐந்துதான். ஐவர் கல்லைப் பற்றிக் கடலில் இறங்குவர்; ஐவர் படகில் இளைப்பாறுவர். பின்னர் முறை மாறும். இறங்கியவர் நீருக்கடியில் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே கயிறு பிடித்திருப்பவர் உடனே இழுத்துவிடுவார்.

சிப்பி அள்ளுவது ஹலாலான தொழில். பிள்ளைகளின் பசி தீர்க்கும் தொழில். ஆயினும், "இன்னும் ஒரே ஒரு கை அள்ளிவிடுகிறேன்" என்று கீழே தங்கிய குளியாளியை அந்த நல்ல நோக்கம் காப்பாற்றாது. மூச்சுக்கு அளவுண்டு. மேலே வந்தால்தான் மறுமுறை இறங்க முடியும்.

நாமும் காலையில் இந்தத் திரைக் கடலில் இறங்குகின்றோம். "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று விரல் தள்ளிக்கொண்டே போகின்றது. கயிறு பிடிப்பவர்தான் இல்லை.

கண்ணுக்கும் ஏறக்குறைய மூச்சுப் போன்ற ஒரு கணக்கு இருப்பதாகக் கண் மருத்துவர்கள் கூறுகின்றார்கள். அருகிலுள்ளதை உற்றுப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகுகின்றது. தொலைவை நோக்கும்போது தளர்கின்றது. சாதாரணமாக நாம் ஒரு நிமிடத்தில் சுமார் 15 முறை இமைக்கின்றோம். திரையைப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆகிவிடுகின்றது. இமை மூடித் திறக்கும்போதுதான் கண்ணீர் கண் முழுதும் பரவுகின்றது. இமைப்பது குறைந்தால் கண் காய்ந்து எரிகின்றது. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடிகள் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கூறும் எளிய அறிவுரை. திரையினால் பெரியவர்களின் கண் நிலையாகக் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சுவதில்லை. களைப்பும் எரிச்சலும் தலைவலியும் ஓய்வளித்தால் தணியக்கூடியவை. சிறுவர்களின் நிலை வேறு. வெயிலும் வெளியும் காணாமல் எந்நேரமும் அருகிலேயே உற்றுப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை ஏற்பட வாய்ப்பு மிகுதி.

பாங்கு ஒரு அழைப்பு

பாங்கு சொல்லுமாறு பிலால் (ரலி) அவர்களைப் பணிக்கும்போது, தொழுகையின் மூலம் தங்களுக்கு ஆறுதல் அளிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூது நூலில் ஒரு நபிமொழி உள்ளது. நாமோ தொழுகையை முடித்துவிட்டு ஆறுதல் தேடுகின்றோம். அவர்கள் தொழுகையிலேயே ஆறுதல் கண்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொழுகை கண்ணுக்கான பயிற்சி, ஒளு முகத்துக்கான சிகிச்சை என்றெல்லாம் சிலர் பேசுகின்றார்கள். அவ்வாறு சொல்வது தொழுகையைச் சிறுமைப்படுத்துவதாகும். தொழுகை அல்லாஹ்வுக்குரிய வணக்கம். அவன் கட்டளை என்பதற்காகவே தொழுகின்றோம். ஆயினும் அந்தக் கட்டளைக்குள் அடியானின் பலவீனத்தை அறிந்த கருணையும் அடங்கியிருக்கின்றது. வேலை உச்சத்தில் இருக்கும் வேளையில் லுஹர் வருகின்றது. உடல் தளரும் வேளையில் அஸர் வருகின்றது. அந்த நேரத்தில் பாங்கொலி, மேலேயிருந்து இழுக்கப்படும் கயிறு. கணக்கை மூடி எழுகின்றோம். நடக்கின்றோம். முகத்தில் குளிர்ந்த நீர் படுகின்றது. பார்வை ஸஜ்தா செய்யும் இடத்தில் நிலைக்கின்றது. அங்கே பார்க்க எதுவுமில்லை. ஒரு பாயும் தரையும்தான். நாள் முழுவதும் ஆயிரம் காட்சிகளை விழுங்கிய கண்ணுக்கு அதனினும் பெரிய ஓய்வு எது?

ஆனால் கயிறு இழுக்கப்படும்போது கல்லையும் காலோடு கட்டிக்கொண்டு வந்தால் என்ன பயன்? கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தக்பீர் கட்டுகின்றோம். ருகூவில் அது அதிர்கின்றது. ஸலாம் கொடுத்ததும், தஸ்பீஹுக்கு முன் கை அங்கே செல்கின்றது. மனம் எங்கெங்கோ ஓடுகிறதே என்று பின்னர் வருந்துகின்றோம். மனம் ஓடவில்லை, சகோதரர்களே! நாம்தான் அதனைச் சட்டைப்பையில் கொண்டு வந்தோம்.

அனுமதியின்றி நுழையும் விருந்தாளி

அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் மூன்று நேரங்களைக் குறிப்பிடுகின்றான். சுபுஹுக்கு முன், நண்பகலில் மேலாடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். இம்மூன்று நேரங்களிலும் பணியாளர்களும், பருவமடையாத சிறுவர்களும்கூட அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டும். தான் பெற்ற பிள்ளையானாலும் அந்நேரத்தில் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். மனிதனின் ஓய்வுக்கு அல்லாஹ் இட்ட வேலி அது.

இன்று அந்த மூன்று நேரங்களிலும் நம் அறைக்குள் யார் இருக்கின்றார்கள்? சுபுஹுக்கு முன் கண் விழித்ததும் ஊர் உலகத்தின் செய்திகள் தலையணை அருகே காத்திருக்கின்றன. நண்பகலில் வியாபாரிகளும் வம்பு பேசுவோரும் நம்மோடு படுத்திருக்கின்றார்கள். இஷாவுக்குப் பின் முகம் அறியாத ஆயிரம் பேர் வந்து போகின்றார்கள். பெற்ற பிள்ளை அனுமதி கேட்க வேண்டிய நேரத்தில், அந்நியர்கள் அனுமதியின்றி நுழைகின்றார்கள். கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் நாம்தான்.

நண்பகல் சிறுதுயிலான கைலூலா, நம் முன்னோர் பேணிய சுன்னத். ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்த பின்னரே நபித்தோழர்கள் உணவருந்திக் கைலூலா செய்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. அதேபோல் இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் பெருமானார் விரும்பியதில்லை. கல்வி கற்பித்தல், விருந்தினரைக் கவனித்தல் போன்ற தேவைகளுக்கு மட்டும் நம் இமாம்கள் விலக்களித்தார்கள். எதிரில் அமர்ந்திருக்கும் மனிதனோடு பேசுவதற்கே அந்நேரத்தில் எல்லை உண்டென்றால், எல்லையே இல்லாத இந்தப் பேச்சுக்கு என்ன சொல்வது?

எங்கள் தவறும் உண்டு

பழி முழுவதையும் வாலிபர்கள்மீது சுமத்துவது நீதியன்று. ஆலிம்களாகிய எங்களுக்கும் இதில் பங்கிருக்கின்றது. இரவு பதினோரு மணிக்குப் பயானை அனுப்பி வைக்கின்றோம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாங்களும் எண்ணிப் பார்க்கின்றோம். ஒரு நாள் இரவு, மார்க்கச் சட்டம் கேட்டு வந்த கேள்விகளுக்குக் கைபேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நள்ளிரவு கடந்தது. மறுநாள் சுபுஹு ஜமாஅத் எனக்குத் தவறிவிட்டது. தீனுடைய பணிதானே செய்தோம் என்று என் மனமும் சமாதானம் சொன்னது.

அப்போது உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஒருவரைச் சுபுஹு ஜமாஅத்தில் காணாமல், அவருடைய தாயாரிடம் உமர் (ரலி) விசாரித்தார்கள். இரவெல்லாம் நின்று தொழுததால் விடியும்போது உறங்கிவிட்டார் என்று அந்தத் தாய் கூறினார். இரவு முழுதும் நின்று வணங்குவதைவிடச் சுபுஹு ஜமாஅத்தில் கலந்துகொள்வதே தமக்கு உகப்பானது என்று உமர் (ரலி) பதிலுரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது உள்ளது. அன்று முதல் இஷாவுக்குப் பின் நான் பதில் எழுதுவதில்லை. கேள்வி காலை வரை காத்திருக்கும். எவருக்கும் அதனால் நட்டமில்லை.

நாம் செய்யக்கூடியவை

பாங்கு கேட்டதும் கைபேசியைக் கடையின் மேசைப்பெட்டியிலோ வீட்டு அலமாரியிலோ வைத்துவிட்டுத் தொழச் செல்லுங்கள். தொழுகைகளுக்கு இடையேயும் கண்ணுக்கு அவ்வப்போது சிறு ஓய்வு தேவை. கடை வாசலுக்கு வந்து வானத்தைப் பாருங்கள். வழியில் போகின்றவருக்கு ஸலாம் சொல்லுங்கள். பகல் உணவுக்குப் பின் ஒரு கால் மணி நேரமேனும், கைபேசி இல்லாத அறையில் கண் மூடிப் படுங்கள். இஷாவுக்குப் பின் அவசரத் தேவை தவிரத் திரையை மூடிவிடுங்கள்.

தாய்மார்களே! அழும் குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுக்களை வேலையைக் கவனிப்பது எளிது. உங்கள் சுமையை நான் அறிவேன். ஆயினும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருக்கின்றது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். வாப்பாமார்கள் அந்த நேரத்தில் அவர்களை ஆற்றங்கரை வரை அழைத்துச் செல்லட்டும். வாப்பாவின் கையிலும் அப்போது கைபேசி இருக்கலாகாது.

முதலாளிமார்களே! பிழைப்புக்காகவே நாள் முழுதும் திரையைப் பார்க்க வேண்டியவர்கள் உங்களிடம் வேலை செய்கின்றார்கள். ஓய்வெடு என்று அவர்களுக்கு நான் எழுதிப் பயனில்லை. எழுந்து போக நீங்கள் இடம் கொடுக்க வேண்டும். பணியாளர்மீது அவர்களின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாகாது என்பது பெருமானாரின் கட்டளை. மூட்டை மட்டுமே சுமை என்று எண்ணிவிடாதீர்கள்.

எரிச்சலும் தலைவலியும் தொடர்ந்தால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் செல்லுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்ததும் நம் நபியவர்களே. 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திருநெல்வேலியிலும் இருக்கின்றது. நமக்குத் தொலைவில்லை.

அந்த வாலிபர் சென்ற வாரம் மீண்டும் வந்தார். கண் மருத்துவர் அவருக்குக் கண்ணாடி கொடுத்திருந்தார். கடை முதலாளி பகலில் கிடங்கில் சற்றுப் படுக்க அனுமதித்திருக்கின்றார். இரவுப் பயானை நிறுத்திவிட்டாராம். "தொழுகையில் மனம் நிற்கிறதா?" என்று கேட்டேன். "இன்னும் ஓடத்தான் செய்கிறது, ஹஜ்ரத். ஆனால் கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுகிறது" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் முதுமை அடைந்தபோது, நபியவர்கள் அளித்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். உடலில் வலுவிருந்த நாளில் ஓய்வின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை. நாமும் அந்த ஏக்கத்தை முதுமைக்கு விட்டுவைக்க வேண்டாம். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகின்றான். எதனைப் பார்த்தாய் என்ற கேள்விக்கு அஞ்சுகின்றோம். நான் தந்த கண்ணை எவ்வாறு நடத்தினாய் என்ற கேள்விக்கும் அஞ்சுவோமாக!

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கண்களுக்குக் குளிர்ச்சியையும், உள்ளங்களுக்கு அமைதியையும், அவனை நினைவுகூர்வதில் இன்பத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.